நானூற்றுப் பதினேழாம் வரி

உட்காருங்க சிஸ்டர். அண்ணன் பன்னிரண்டு மணி ஜெபத்துக்குள்ள போயிட்டாங்க, இனி ஒரு மணிக்குத்தான் கதவு திறக்கும். இந்த ஜெபவீட்டை நடத்துறவங்களை நாங்க அண்ணன்னுதான் கூப்பிடுறது. என்னை விட எட்டு வயசு இளையவங்க, ஆனாலும் அண்ணன்தான். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல இருங்க. தண்ணி குடிங்க முதல்ல. பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தா வந்தீங்க? இந்த வெயில்லயா?

தாரணிதான உங்க பேரு? எம் மகன் ஆசீர் போன்ல சொன்னான். "யம்மா, என்கூட வேலை பார்க்கிற பொண்ணு, லீவுக்கு திருநெல்வேலி வருது. புரோகிராமை அதுவே வந்து சரி பண்ணித் தரும். நீங்க எதையாவது பேசி அதை விரட்டிராதீங்க"ன்னான். நான் யாரை விரட்டியிருக்கேன்? எனக்குச் சத்தம் போட்டுப் பேசக்கூட வராது. உங்களை நீன்னு சொல்லலாமா? எம் பொண்ணு ஹெப்சிபாவை விடச் சின்னவளாத்தான் இருப்பே. பாப்பான்னு கூப்பிடுறேன். சிஸ்டர்னா அது ஆபீஸ் பேச்சு.

கம்ப்யூட்டர் அந்தா இருக்கு, மூலையில. துண்டு போட்டு மூடி வச்சிருக்கேன். தூசிக்காக இல்ல. பார்க்கப் பிடிக்கல, அவ்வளவுதான். சில பேருக்குப் பல்லியைப் பார்த்தா உடம்பு கூசும்ல, அது மாதிரி. ஒரு மணி நேரம் இருக்கு பாப்பா. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் அதுல கையை வை.

இது லெட்டர் செக்‌ஷன். பதினோரு வருஷமா நான் இங்க இருக்கேன். நாங்க நாலு பேர். ஜனங்க லெட்டர் எழுதுவாங்க. பிள்ளை இல்ல, புருஷன் குடிக்கிறான், பையனுக்கு வேலை கிடைக்கல, மாமியார் பேசமாட்டேங்கிறா, இப்படி. நீ பொட்டு வச்சிருக்கே, உனக்கு எங்க வழக்கம் தெரியாது, அதனால சொல்றேன். லெட்டர் வந்தா பிரிச்சு முழுசாப் படிக்கணும். படிச்சு முடிச்சதும் அது மேல உள்ளங்கையை வைக்கணும். எழுதினவங்க பேரை வாய்விட்டுச் சொல்லி ஜெபிக்கணும். மனசுக்குள்ள சொல்லக்கூடாது, வாய்விட்டு. அப்புறம்தான் பதில் டைப் அடிக்கணும். ஒவ்வொரு பதில்லயும் முதல் வரி இதுதான்: "இன்று உங்கள் பேரைச் சொல்லி ஜெபித்தோம்." அந்த வரிதான் இந்த வீடு. மத்ததெல்லாம் சுவரு.

மாசம் ஒரு தடவை லிஸ்டுல உள்ள எல்லாருக்கும் லெட்டர் போகும். ஆயிரத்து அறுநூறு பேர். ஆளுக்கு நானூறு. சுகத்துக்கு ஒரு மாதிரி லெட்டர், கல்யாணத்துக்கு ஒண்ணு, பரீட்சைக்கு ஒண்ணுன்னு வேர்டுல இருக்கும். பேரை மாத்திட்டு நாங்களா ரெண்டு வரி சேர்ப்போம். ஒரு நாளைக்கு இருபது, மிஞ்சினா இருபத்தஞ்சு. அதுக்கு மேல முடியாது. பொய் சொல்லக்கூடாது, சில நாள் பேரைச் சொல்லும்போதே மனசு வீட்டு அடுப்புல போய் நிக்கும், குக்கர் சத்தம் வந்துச்சா இல்லையான்னு. ஆனா பேரைச் சொன்னேன் பாப்பா. சொல்லாம ஒரு லெட்டர் அடிச்சதில்ல.

வைகாசியில ஆசீர் மஞ்சக்காமாலை வந்து ஒரு மாசம் வீட்டுல கிடந்தான். கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்து, உப்பில்லாக் கஞ்சி கொடுத்துப் பார்த்தேன். தேறினதும் சும்மா இருக்க முடியல அவனுக்கு. நான் சாயங்காலம் வந்து கையை வெந்நியில விட்டுட்டு உட்கார்ந்திருப்பேன், மணிக்கட்டு வீங்கும் எனக்கு. அதைப் பார்த்துட்டே இருந்தான். ஒரு நாள் என்கூட ஆபீசுக்கு வந்தான். என் பக்கத்துல உட்கார்ந்து நான் செய்றதைப் பார்த்தான்.

"யம்மா, மெஷின் செய்ய வேண்டியதை நீங்க செஞ்சிட்டு இருக்கீங்க"ன்னான்.

"ஜெபத்தை மெஷின் செய்யுமால?"ன்னு கேட்டேன்.

"ஜெபத்தை நீங்க செய்ங்க. டைப்பை அது செய்யட்டும்."

கேட்க நல்லாத்தான் இருந்தது. அன்னைக்கே உட்கார்ந்தான். அது என்ன, பாம்பு பேர் உள்ள ஒண்ணு, பைத்தான். அதுலதான் எழுதுவானாம். வைக்க வேற பேரா இல்ல? அதுக்குள்ள யாரோ ஏற்கெனவே எழுதி வச்ச லைப்ரரி ஒண்ணு இருக்காம், அதை எடுத்துக்கிட்டா போதுமாம். நான் புரியலன்னதும் எனக்குத் தகுந்த மாதிரி சொன்னான். "யம்மா, நீங்க கீபோர்டுல அடிக்கிறீங்கள்ல, அது வேர்டுக்கு முன்வாசல். மத்த புரோகிராம் வந்து பேசுறதுக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு வாசல் வச்சிருக்காங்க. எக்செல்லுக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. விண்டோஸ்ல எல்லாத்துக்கும் பேர் பதிஞ்சு இருக்கும். இந்த லைப்ரரி மூலமா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எழுந்து வந்து நிக்கும். லிஸ்டைத் திற, பேரை எடு, லெட்டர்ல வை, பிரிண்ட் போடுன்னா போட்டுரும்." உனக்கு இதெல்லாம் தெரிஞ்சதுதான். நான் அவன் சொன்னதைச் சொல்றேன்.

முதல் தடவை ஓட்டிக் காட்டினான். பாப்பா, கீபோர்டு சும்மா கிடக்கு. மவுஸை யாரும் தொடல. பக்கம் தானாத் திறக்குது, எழுத்து தானா ஊருது, "அன்பான சகோதரி பாக்கியத்துக்கு, இன்று உங்கள் பேரைச் சொல்லி", அதுக்குள்ள மூடுது, அடுத்தது திறக்குது, "அன்பான சகோதரர் தானியேலுக்கு, இன்று உங்கள் பேரை", மூடுது. தலையை அறுத்த பிறகு கோழி முற்றத்துல ஓடும் பார்த்திருக்கியா? அதே ஓட்டம். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

"என்னம்மா, பயந்துட்டீங்களா? கண்ணுல படாம ஓட விடுறேன்"னு எதையோ ஒரு சொல்லை மாத்தினான். அதுக்கப்புறம் திரையில ஒண்ணுமே இல்ல. வெறும் நீலம். ஆனா பிரிண்டர் மட்டும் துப்பிக்கிட்டே இருக்கு. கண்ணுக்குத் தெரியாம கிரியை செய்றவர் ஒருத்தர்தான்னு நான் நம்பியிருந்தேன். இது எதுக்கு அந்த இடத்துக்கு வருதுன்னு கேட்டேன். சிரிச்சான். படிச்ச பிள்ளைங்க அப்படித்தான் சிரிக்கும், உன்னைச் சொல்லல.

அப்புறம் அது பண்ணின அசிங்கத்தை எல்லாம் சொல்லி முடியாது. ஒரு நாள் நான் தென்காசிப் பொண்ணு ஒருத்திக்குப் பதில் அடிச்சிட்டு இருந்தேன். ரெண்டு தடவை கரு கலைஞ்சவ. அவளுக்கு என்ன எழுதறதுன்னு முக்கால் மணி நேரம் யோசிச்சு யோசிச்சு ஒரு பக்கம் அடிச்சிருந்தேன். இவன் அந்த நேரம் பார்த்து புரோகிராமை ஓட்டினான். என் பக்கம் என் கண்ணு முன்னாடி மறைஞ்சுது. சேமிக்கவான்னுகூடக் கேட்கல. "ஐயோ, நீங்க திறந்து வச்சிருந்த வேர்டுலயே போய் ஒட்டிக்கிச்சும்மா. வேலை முடிஞ்சதும் தன்னோடதுன்னு நெனச்சு மூடிட்டுப் போயிருச்சு. இனி தனியா ஒண்ணைத் திறந்துக்கச் சொல்லிர்றேன்"னான். அடுத்தவங்க வீட்டுக்குள்ள புகுந்து, வேலையை முடிச்சுட்டு, விளக்கையும் அணைச்சுட்டுப் போற சென்மம். சவம்! இந்த வாயில அந்த வார்த்தை வந்ததே இல்ல பாப்பா, இதனால வந்துச்சு. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இன்னொரு நாள் மதியம் பூரா பிரிண்டர் நின்னு போச்சு. என்னன்னு பார்த்தா, வேர்டு உள்ளுக்குள்ள ஏதோ கேள்வி கேட்டுக்கிட்டு நிக்குதாம். சரியா, வேண்டாமான்னு. கண்ணுல படாம வச்சதால யாருக்கும் அந்தக் கேள்வி தெரியல. ஆசீர் வேற ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான், பதினோரு வேர்டு உள்ளுக்குள்ள உயிரோட கிடக்கு. ஒண்ணுக்கும் முகம் இல்ல. ஒவ்வொண்ணாக் கொன்னான்.

ஆனா அண்ணனுக்கு ரொம்பச் சந்தோஷம். "எமிலி அக்கா, உங்க மகன் நமக்கு ஒரு ஆசீர்வாதம்"னாங்க. ஆயிரத்து அறுநூறு லெட்டர் ஒரே மத்தியானத்துல வந்து விழுந்துச்சு. என் பக்கத்து மேசைக்காரி செல்லக்கனி இருக்காளே, அவ கழுத்தைச் சொடுக்கு எடுத்துட்டு, "அக்கா, பதினோரு வருஷத்து வலியை உங்க மகன் ஒரு வாரத்துல சொஸ்தமாக்கிட்டான், சாட்சி சொல்லணும் போலருக்கே"ன்னு கேலி பண்றா. எங்க நாலு பேரையும் கவர் ஒட்டப் போட்டாங்க. பசை, கவர், ஸ்டாம்பு. நான் பழக்கதோஷத்துல ஒவ்வொரு லெட்டரையும் பிரிச்சு, பேரைப் பார்த்து, கையை வச்சு ஜெபிச்சிட்டு ஒட்டினேன். ரெண்டு நாள் அப்படிப் பண்ணினேன். அண்ணன் வந்து, தன்மையாத்தான் சொன்னாங்க, "அக்கா, நாம மொத்தமா லிஸ்ட் மேல கையை வச்சு ஜெபிச்சிட்டோம்ல. ஒவ்வொண்ணாப் படிச்சிட்டு இருக்காதீங்க, தபால் தேங்குது."

படிக்காதேன்னு சொன்னாங்க. சரின்னுட்டேன். சொன்னதைக் கேட்கிறவ நான்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். லிஸ்ட். அது எக்செல்ல இருக்கு, அதைப் பார்த்துக்கிறது நான்தான். எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. லிஸ்டுல இருக்கிறவங்க யாராவது இறந்துட்டா வீட்டுக்காரங்க எழுதிப் போடுவாங்க. ஆறுதல் லெட்டர் ஒண்ணு அனுப்புவோம். அப்புறம் அந்தப் பேருக்கு ஜெபம் கிடையாது. உங்க பக்கம் திதி கொடுப்பீங்க, பேர் சொல்லி எள்ளும் தண்ணியும் விடுவீங்க. எங்களுக்கு அது இல்ல. செத்தவங்களுக்காக நாங்க ஜெபிக்கக் கூடாது. அவங்க தேவன் கையில. அதுல நாம வாய் திறந்தா அது பாவம். சின்னதுல இருந்தே அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு.

ஆனா பேரை அழிக்கவும் மாட்டோம். பேரை எழுதுறதும் அழிக்கிறதும் மேல இருக்கிறவர் வேலை. முன்னே பெரிய நோட்டு இருந்த காலத்துல, இறந்தவங்க பேர் மேல ஒரு காகிதத் துண்டை ஒட்டிருவாங்க, அடிக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் வந்ததும் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அந்த வரி மேல வலது பக்கம் அமுக்கினா மறைக்கிறதுக்கு ஒண்ணு வருமே, அதை அமுக்கிருவேன். டெலிட் கிடையாது. நானூத்திப் பதினாறுக்கு அப்புறம் நானூத்திப் பதினெட்டு வரும். நடுவுல உள்ளவர் இருக்கார், ஆனா இல்ல. பதினோரு வருஷத்துல அப்படி இருநூத்திப் பன்னிரண்டு பேர். எல்லாரும் என் விரலாலதான் மறைஞ்சாங்க.

ஆசீர் என்னைக் கேட்டானான்னு கேட்பே. கேட்டான். "யம்மா, இந்த லிஸ்டுல எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா?" அன்னைக்குத்தான் அந்தத் தென்காசிப் பொண்ணுக்கு அடிச்ச லெட்டர் அழிஞ்சு போச்சு. நான் வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன். "நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே, உனக்கு நான் என்னத்தைச் சொல்ல"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுல என்ன இருக்கு? இத்தனை படிச்சவன், ஒரு வரி மறைஞ்சிருக்கா இல்லையான்னு பார்க்கத் தெரிய வேண்டாமா? அந்த உள்வாசல் வழியா போற புரோகிராமுக்கு மறைச்சது திறந்ததெல்லாம் ஒண்ணுதானாம், பின்னால சொன்னான். கண்ணு இருக்கிறவனுக்குத்தானே மறைப்பு, அதுக்கு ஏது கண்ணு.

ஆவணி மாசம், மூணாவது தடவை லெட்டர் ஓட்டுற நேரம் வந்தது. முதல் ரெண்டு தடவையும் அவன் பக்கத்துல இருந்து, எந்த வரியில இருந்து எந்த வரி வரைன்னு கொஞ்சம் கொஞ்சமா ஓட்டினான். மறைச்சதைத் தாண்டித் தாண்டித்தான் ஓட்டியிருக்கான், அது அவனுக்கே தெரியாது, நான் சொன்ன எண்ணைத்தான் போட்டான். மூணாவது தடவை அவன் சென்னைக்குப் போயிட்டான். முதல்ல இருந்து கடைசி வரை தானே எடுத்துக்கிற மாதிரி மாத்திக் கொடுத்துட்டுப் போனான். செல்லக்கனி பட்டனை அமுக்கினா. வழக்கமா மூணு கட்டு வரும். அன்னைக்கு மூணரைக் கட்டு.

நான் ஒட்டிட்டு இருந்தேன். படிக்கல, படிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கள்ல. கவர்ல உள்ள பேர் மட்டும் கண்ணுல படும். சாமுவேல் ஐயாதுரை, நாசரேத். இவர் போன வருஷமே இறந்துட்டாரேன்னு நினைச்சேன். அடுத்தது, இறந்து போன ஒரு வயசான அம்மா. அடுத்தது. அப்புறம், ஆல்வின் செல்லத்துரை, திசையன்விளை.

பாப்பா, அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயசு. ரத்தத்துல வியாதி. ரெண்டரை வருஷம் அவனே கைப்பட எழுதுவான். கோணல் எழுத்து. ஒரு தடவை, "அக்கா, இந்த மாசம் எனக்கு வேண்டாம், எங்க ஆட்டுக்கு ஜெபிங்க, அது முதல் ஈத்து, பயப்படுது"ன்னு எழுதியிருந்தான். நான் ஆட்டுக்கு ஜெபிச்சேன். ரெண்டு குட்டி போட்டுச்சாம், ஒண்ணுக்கு எமிலின்னு பேர் வச்சானாம். எனக்குக் கோபமா வந்து, அப்புறம் சிரிப்பா வந்துச்சு. பங்குனியில போயிட்டான். அவன் அம்மா ரஞ்சிதம் நாலே வரி எழுதிப் போட்டிருந்தா. நான்தான் அவனை மறைச்சேன். நானூத்திப் பதினேழாவது வரி.

அந்தக் கவரைப் பிரிச்சுப் பார்த்தேன். ஆமா, அதை மட்டும் பிரிச்சேன். "அன்பான தம்பி ஆல்வினுக்கு, இன்று உங்கள் பேரைச் சொல்லி ஜெபித்தோம். நீங்கள் எழுந்து நடமாடும் நாள் சமீபமாயிருக்கிறது." கீழே, "உங்கள் எமிலி அக்கா." என் கையெழுத்து. ஆசீர் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடச் சொல்லிப் படம் பிடிச்சு உள்ள வச்சிருக்கான், அதை ஒவ்வொண்ணுலயும் ஒட்டி ஒட்டிப் போட்டிருக்கு. என் கை போடாத என் கையெழுத்து. ச்சீ. அதைப் பார்த்ததும் என் கையைப் போய்க் கழுவிட்டு வந்தேன், நம்புவியா?

வந்து ஒட்டினேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறே? எனக்குக் கொடுத்த வேலை ஒட்டுறது. படிக்காதேன்னு சொன்னாங்க, தபால் தேங்குதுன்னு சொன்னாங்க. அண்ணன் பக்கத்து ரூம்லதான் இருந்தாங்க, போய்ச் சொல்லியிருக்கலாம்னு செல்லக்கனியும் சொல்றா. சொல்லியிருந்தா என்ன ஆகும்? இருநூறு கவரைப் பொறுக்கி எடுத்துக் கிழிச்சுட்டு, ஆசீர்வாதமான மெஷின்தான், சின்னத் தப்புன்னு திரும்ப ஓட்டுவாங்க. இந்த மெஷினோட லட்சணத்தை எல்லாரும் பார்க்கட்டும்னு நினைச்சேன். அது தப்பா? நானா அந்தப் பேரை எடுத்தேன்? நானா எழுதினேன்? நான் பசைதான் தடவினேன் பாப்பா.

அஞ்சாம் நாள் போன் வர ஆரம்பிச்சுது. நாசரேத்துல இருந்து சாமுவேல் ஐயாதுரை மகன், "எங்கப்பாவை எழுப்பி விட்டீங்கன்னா சொல்லுங்க, கல்லறைக்கு வண்டி கொண்டு வரணும்"னு கத்துறார். ஒரு அம்மாகிட்ட இருந்து அழுகைச் சத்தம் மட்டும். லெட்டரைக் கிழிச்சு அதே கவர்ல போட்டு அனுப்பினவங்க ஒம்பது பேர். அண்ணன் மூணு நாள் சாப்பிடல. உபவாசம்னு பேர், ஆனா முகத்தைப் பார்த்தா தெரியும். புரோகிராமை நிறுத்தியாச்சு, அன்னையில இருந்து நாங்க மறுபடி டைப் அடிக்கிறோம். நான் நினைச்சது நடந்துச்சு. ஆனா எனக்கு ஒண்ணும் இனிப்பா இல்ல.

ஆசீருக்குப் போன் போட்டுச் சொன்னேன். எந்தெந்தப் பேருன்னு கேட்டான். அப்புறம், "மறைச்ச வரியா? யம்மா, உங்களைக் கேட்டேனேம்மா"ன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நான் என்ன சொல்றது, தப்பு பண்ணினா மனசு உறுத்தத்தானே செய்யும். அவனுக்காக ஜெபிச்சேன்.

அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு ரஞ்சிதம் வந்தா. ரெண்டு பஸ் மாறி. வாசல்ல நின்னு, "எமிலி அக்கா யாரு?"ன்னு கேட்கிறா. எனக்கு ஸ்டோர் ரூமுக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. திட்டத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன். வாங்கிக்கத் தயாராத்தான் இருந்தேன். செல்லக்கனி இருக்காளே, கையை நீட்டி என்னைக் காட்டிட்டா.

இதோ நீ இருக்கியே, இதே நாற்காலியில உட்கார்ந்தா. பையில இருந்து கருப்பட்டி எடுத்து வச்சா. பிளாஸ்டிக் கவருக்குள்ள மடங்காம அந்த லெட்டர்.

"அக்கா, நீங்க இன்னும் அவன் பேரைச் சொல்றீங்களா?"ன்னா.

நான் கருப்பட்டியை மேசை ஓரமா நகர்த்தி வச்சேன்.

"அவங்கப்பா வீட்டுல அவன் பேரை எடுக்க விடமாட்டேங்கிறாரு. படத்தைக் கழத்திப் பெட்டிக்குள்ள வச்சுட்டாரு. தெருவுல கூப்பிட்ட பயலுவ எல்லாம் இப்ப எங்க வீட்டைத் தாண்டும்போது வாயை மூடிட்டுப் போறானுவ, எனக்கு வலிக்கும்னு. அஞ்சு மாசமா அந்தப் பேரு என் காதுல விழலக்கா. தபால்காரர் வந்து ஆல்வின் செல்லத்துரைன்னு சத்தமாக் கூப்பிட்டாரு பாருங்க. நான் ஓடி வந்தேன். கால்ல செருப்புகூட இல்ல." சொல்லிட்டு அந்த முதல் வரியை விரலால தடவுறா. "தினமும் சொல்றீங்களா, மாசத்துக்கு ஒரு தடவையா?"

நான் என்ன சொல்லணும்? நீ சொல்லு. மெஷின் சொல்லிச்சு, நான் பசை போட்டேன்னா?

"தினமும்"னேன்.

"நீங்கதான் சொல்றீங்களா?"

"நான்தான்."

"முழுப்பேரும் சொல்வீங்களா, ஆல்வின்னு மட்டும்தானா?"

"முழுப்பேரும்."

"ஒரு தடவை சொல்லுங்களேன் அக்கா. கேட்டுக்கிறேன்."

சொன்னேன். ஜெபமாச் சொல்லல, அது எனக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். கண்ணை மூடல, கையைக் குவிக்கல. ஆல்வின் செல்லத்துரைன்னு சும்மா ஒரு பேரைச் சொன்னேன், ரேஷன் கடையில கூப்பிடுற மாதிரி. அவ கண்ணை மூடிக் கேட்டா. எழுந்து போகும்போது, "அடுத்த மாசமும் வரும்லா? இதே மாதிரி, மாத்தாம?"ன்னா. வரும்னேன்.

அதுக்கு நான் மூணு தடவை உட்கார்ந்து பார்த்துட்டேன் பாப்பா. வேர்டைத் திறக்கிறேன். தம்பி ஆல்வினுக்குன்னு அடிக்கிறேன். இன்று உங்கள் பேரைச் சொல்லி வரைக்கும் விரல் போகுது. அதுக்கு மேல போகல. ஜெபிக்காம அடிச்சா பொய். ஜெபிச்சுட்டு அடிச்சா அதை விடப் பெரிய பாவம். மூணு தடவையும் மூடிட்டேன். சேமிக்கவான்னு கேட்டுச்சு, வேண்டாம்னேன்.

அண்ணன் உன்னை எதுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு தெரியும். மறைச்ச வரியை எல்லாம் புரோகிராம் பார்த்துத் தாண்டிப் போற மாதிரி எழுதணும். எழுது. நல்லா எழுது, இருநூத்திப் பதினோரு பேரையும் இனி அது தொடக் கூடாது. அந்த அசிங்கம் இன்னொரு தடவை இந்த வீட்டுல நடக்கக் கூடாது. ஆனா ஒரு வரி. ஒரே ஒரு வரியை மட்டும் தாண்டாம எடுத்துக்கோன்னு அதுக்குச் சொல்ல முடியுமா? முடியும்ல? தலையாட்டுறே பாரு. அண்ணன்கிட்ட வேண்டாம், அவங்க வேதம் தெரிஞ்சவங்க, ஒத்துக்க மாட்டாங்க. ஆசீர்கிட்டயும் வேண்டாம். அவன் சிரிப்பான். சிரிக்காட்டியும் எனக்குக் கஷ்டம்.

கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்குது, வர்றாங்க. துண்டை நான் எடுத்துர்றேன், இரு. எண்ணைச் சொன்னேன்ல, நானூத்திப் பதினேழு. எனக்கு ஆத்துமா இருக்கு பாப்பா, நாளைக்குப் போய்க் கணக்குச் சொல்லணும். இந்தச் சவத்துக்கு அந்தத் தொல்லை எல்லாம் இல்ல. அது சொல்லிட்டுப் போகட்டும்.